கூலிக்கு வண்டி ஓட்டுபவர் யார்? மண்டி மொஹல்லாவை முன்வைத்துத் தொழில்முறை ஓட்டுநர் உரிமத்தின் வரலாறு

மைசூரு நகரின் பழைய பகுதிகள் மொஹல்லா என்னும் பெயரால் வழங்குகின்றன. லஷ்கர், தேவராஜா, கிருஷ்ணராஜா, சாமராஜா, நஜர்பாத் என நீளும் அந்த வரிசையில் மண்டி மொஹல்லாவின் பெயர் தமிழருக்கு விளக்கம் தேவைப்படாதது. அரிசி மண்டி, வெங்காய மண்டி, கமிஷன் மண்டி என்று தமிழக நகரங்களிலும் புழங்கும் அதே சொல்தான் அது. மொத்த வணிகம் நடக்கும் இடத்துக்குச் சரக்கு வந்து சேர வேண்டும். சேர்ந்த சரக்கு பிரிந்து செல்லவும் வேண்டும். ஆகவே மண்டி இருக்கும் இடத்தில் கூலிக்கு வண்டி ஓட்டும் ஒரு வகுப்பினரும் இருப்பர். 1882ஆம் ஆண்டில் பெங்களூரிலிருந்து இருப்புப்பாதை மைசூரை எட்டியபின், நிலையத்துக்கும் கடைவீதிக்கும் இடையில் மாட்டு வண்டியும் ஜட்காவும் ஓடின. பின்னர் லாரி வந்தது. இன்று அகலம் குறைந்த தெருக்களில் சரக்கு ஆட்டோவும் தமிழகத்தில் ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வாகனமும் அதே வேலையைச் செய்கின்றன.

வண்டி மாறியபோதெல்லாம், அதை ஓட்டுபவரிடம் அரசு கேட்ட தகுதியும் மாறியது. வயது, உடல்நலம், புகைப்படம், பள்ளிப் படிப்பு, பயிற்சிச் சான்று, வாகனத்தின் எடை என்று அளவுகோல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எந்த அளவுகோல் எப்போது, எந்தத் தேவையால் புகுந்தது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், தொழில்முறை ஓட்டுநர் உரிமத்தின் வரலாறு பெரும்பாலும் உழைப்பின் வரலாறாகவே அமைவது தெரியும்.

குதிரை வண்டிக் காலத்து வேர்

ஓட்டுநர் உரிமம் மோட்டார் வாகனத்தோடு பிறந்தது என்பது பொதுவான எண்ணம். கூலிக்கு ஓட்டுபவரைப் பொறுத்தவரை இது சரியன்று. இலண்டனில் வாடகைக் குதிரை வண்டிக்காரர்களுக்கு உரிமமும் எண் பொறித்த பேட்ஜும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே கட்டாயமாயின. இந்தியாவில் 1861ஆம் ஆண்டின் ஸ்டேஜ் கேரியேஜ் சட்டம் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டிகளுக்கு உரிமத்தைக் கொண்டுவந்தது. 1879ஆம் ஆண்டின் ஹாக்னி கேரியேஜ் சட்டம் வாடகை வண்டிகளைக் கட்டுப்படுத்தும் விதிகளை இயற்ற நகராட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. சென்னை மாகாணம் 1911இல் தனக்கெனத் தனியாக ஒரு ஹாக்னி கேரியேஜ் சட்டத்தை இயற்றிக்கொண்டது.

இச்சட்டங்களின் பார்வையில் வண்டிக்காரர் என்பவர் முன்பின் அறியாதவரைத் தம் வண்டியில் ஏற்றிச் செல்பவர். கட்டணத்தில் ஏமாற்றக்கூடும், பொருளோடு மறைந்துவிடக்கூடும் என்ற ஐயம் அவர்மீது முன்கூட்டியே சுமத்தப்பட்டிருந்தது. அடையாளம் காண்பதற்கான கருவியாகவே பேட்ஜ் வந்தது. ஓட்டும் திறனைச் சோதிப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை. இன்றும் ஆட்டோ ஓட்டுநரும் பேருந்து ஓட்டுநரும் ‘பேட்ஜ் வாங்குதல்’ என்று சொல்லும்போது, குதிரை வண்டிக் காலத்தின் இந்த எச்சத்தைத்தான் சுமக்கிறார்கள்.

மோட்டார் வாகனத்துக்கான உரிமம் வேறொரு வழியில் வளர்ந்தது. பாரிஸ் நகரக் காவல்துறை 1893இலேயே வாகனம் ஓட்டுவதற்குத் தகுதிச் சான்றைக் கோரியது. பிரித்தானியாவோ 1903ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஐந்து ஷில்லிங் கட்டணத்துக்கு உரிமம் வழங்கியது. அதற்குத் தேர்வு ஏதுமில்லை. அங்கு ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது 1935இல்தான். தொடக்கத்தில் கார் வைத்திருந்தவர் செல்வர். அவரைச் சோதிக்க வேண்டும் என்று அரசுக்குத் தோன்றவில்லை. ஒருபுறம் ஐயத்தோடு பார்க்கப்பட்ட வாடகை வண்டிக்காரர், மறுபுறம் நம்பிக்கைக்குரிய கார் உரிமையாளர் என்ற இவ்விரு மரபுகளும் இந்தியச் சட்டத்தில் வந்து கலந்தன.

1914இலிருந்து 1939 வரை

முதல் அனைத்திந்திய மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. பொது இடத்தில் வாகனம் ஓட்ட உரிமம் வேண்டும், ஓட்டுபவருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படைகள். அச்சட்டம் இயற்றப்பட்டபோது மோட்டார் வாகனம் பெரும்பாலும் தனியாருடைய ஊர்தியாகவே இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகியது. ஜி. டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தைத் தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். அப்பேருந்து பின்னர் ஒரு பெரிய நிறுவனமாக வளர்ந்தது. தென்னிந்தியச் சாலைகளெங்கும் இவ்வாறு சிறு முதலீட்டாளர்கள் பேருந்தும் லாரியும் ஓட்டத் தொடங்கினர். உரிமையாளரே ஓட்டுநராகவும் இருந்த அந்தக் காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. வண்டிகள் பெருகப் பெருக, சம்பளத்துக்கு ஓட்டுபவர் ஒரு தனி வகுப்பாக உருவெடுத்தார்.

இந்த வளர்ச்சி இருப்புப்பாதையின் வருவாயைத் தாக்கியது. அரசு அமைத்த மிட்செல்–கிர்க்னெஸ் குழு 1933இலும் வெட்ஜ்வுட் குழு 1937இலும் சாலைப் போட்டியை ஆராய்ந்தன. இவற்றின் பின்னணியில்தான் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது. பெர்மிட் முறை, வாகனங்களின் எடை வரம்பு, ஓட்டுநரின் வேலை நேர வரம்பு ஆகியவை அதில் ஒருங்கே இடம்பெற்றதற்கு இதுவே காரணம். ஓட்டுநரின் களைப்பைக் குறித்த அக்கறையும் இருப்புப்பாதையின் வருவாயைக் குறித்த கவலையும் ஒரே சட்டத்தில் இணைந்தன.

தொழில்முறை உரிமம் தெளிவான சட்ட வடிவம் பெற்றதும் இச்சட்டத்தில்தான். அதன் மூன்றாம் பிரிவு இருவகை ஓட்டுநரைப் பிரித்தது. உரிமம் பெற்ற எவரும் தம் வாகனத்தை ஓட்டலாம். சம்பளம் பெறும் ஊழியராக ஓட்டுவதற்கும் பொதுப் பயணிகள் வாகனத்தை ஓட்டுவதற்கும் அந்த உரிமத்தில் தனி அனுமதி பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். போக்குவரத்து வாகனம் ஓட்டக் குறைந்த வயது இருபது. சம்பளத்துக்கு ஓட்ட விண்ணப்பிப்பவர் பதிவுபெற்ற மருத்துவரின் சான்றையும் தம் புகைப்படத்தையும் இணைக்க வேண்டும். சொந்தக் காரை ஓட்டுபவரிடம் இவை வழக்கமாகக் கேட்கப்படவில்லை. முதலாளியும் அவருடைய ஓட்டுநரும் ஒரே காரை ஒரே சாலையில் ஓட்டினாலும், ஓட்டுநரின் உரிமத்தில் மட்டுமே முகம் ஒட்டப்பட்டிருக்கும். குதிரை வண்டிக்காரரின் பேட்ஜ் இங்கே புகைப்படமாக உருமாறியிருந்தது.

இன்னொரு நுட்பமும் கவனத்துக்குரியது. உரிமத்தில் கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை இடம்பெறலாம் என்று சட்டம் கூறியது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓட்டுநராகலாம் என்பது 1939இல் விவாதத்துக்கு இடமில்லாத இயல்பான நிலையாக இருந்தது.

இச்சட்டம் பிரித்தானிய இந்தியாவுக்கு உரியது. மைசூர் சமஸ்தானம் தன் எல்லைக்குள் தனக்கான சட்டங்களையே கொண்டிருந்தது. மைசூரிலிருந்து சாமராஜநகர் வழியாகத் தெற்கே சென்று திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சத்தியமங்கலத்தை அடையும் வண்டி, இடையில் ஓர் அரசின் எல்லையைக் கடந்து கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள், அதாவது சென்னை மாகாணத்துக்குள், நுழைந்தது. இன்று கர்நாடகத்தில் உள்ள கொள்ளேகாலமும் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததே. மண்டிச் சரக்கின் பாதை ஒன்றாகவும் அதை ஆண்ட சட்டங்கள் இரண்டாகவும் இருந்த காலம் அது. இயந்திர வாகனங்கள் என்ற பொருள் 1950ஆம் ஆண்டின் அரசமைப்பில் பொதுப் பட்டியலில் சேர்க்கப்பட்டபின், நாடு முழுமைக்கும் ஒரே மையச் சட்டம், அதன்கீழ் மாநில விதிகள் என்ற இன்றைய அமைப்பு நிலைபெற்றது.

இதற்கிடையில் 1948 செப்டம்பர் 12ஆம் நாள் மைசூர் அரசு 120 பேருந்துகளுடன் தனது சாலைப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கியது. 1961இல் அது கழகமாகி, 1973இல் கர்நாடக மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரைப் பெற்றது. அரசே ஓட்டுநருக்கு முதலாளியானபோது, தொழில்முறை உரிமம் மாதச் சம்பளமும் ஓய்வுக்காலப் பயனும் உள்ள வேலைக்கு நுழைவுச் சீட்டாயிற்று. சந்தைத் தெருவில் லாரி ஓட்டியவருக்கு அதே உரிமம் அத்தகைய எதையும் உறுதி செய்யவில்லை.

காப்பீடு தந்த கனம்

உரிமம் இல்லாமல் ஓட்டுவது நெடுங்காலம் சிறு அபராதத்துக்குரிய குற்றமாகவே இருந்தது. அந்தத் தாளுக்கு உண்மையான கனத்தைத் தந்தது மூன்றாம் தரப்புக் காப்பீடு. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் இக்காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. உலகப் போர்ச் சூழலில் தள்ளிவைக்கப்பட்ட அந்த அத்தியாயம் 1946 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஓட்டியவருக்கு முறையான உரிமம் இல்லை என்பது, இழப்பீடு தர மறுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சட்டம் அனுமதித்த சில எதிர்வாதங்களுள் ஒன்று. எனவே விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்குப் பணம் கிடைக்குமா என்பது, அவர்கள் ஒருபோதும் பார்த்திராத ஓர் ஓட்டுநரின் உரிமத்தில் என்ன பொறிக்கப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்ததாயிற்று.

உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சைப் பலமுறை அவிழ்க்க வேண்டியிருந்தது. 1987ஆம் ஆண்டின் ஸ்கேண்டியா காப்பீட்டு நிறுவன வழக்கில், ஓட்டுநர் லாரியின் இன்ஜினை நிறுத்தாமல் சிற்றுண்டி வாங்க இறங்கிச் சென்றார். உள்ளே இருந்த கிளீனர் வண்டியை நகர்த்தினார். ஓர் உயிர் போயிற்று. உரிமம் பெற்ற ஓட்டுநரிடமே உரிமையாளர் வண்டியை ஒப்படைத்திருந்தார் என்பதால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பிலிருந்து விலக முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004ஆம் ஆண்டின் ஸ்வரண் சிங் வழக்கு இந்நிலையை மேலும் விரித்தது. உரிமக் குறைபாட்டைக் காட்டுவது மட்டும் போதாது, உரிமையாளர் அறிந்தே விதியை மீறினார் என்பதை நிறுவனம் மெய்ப்பிக்க வேண்டும் என்பதும், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடமிருந்து அதைப் பின்னர் வசூலித்துக்கொள்ளலாம் என்பதும் அதன் சாரம்.

கிளீனர் என்னும் மாணவர்

ஸ்கேண்டியா வழக்கில் தலைகாட்டிய கிளீனர் இவ்வரலாற்றின் மையப் பாத்திரம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு முதலிய லாரித் தொழில் ஊர்களிலும் மைசூரு போன்ற சந்தை நகரங்களிலும் ஓட்டுநர் உருவான வழி ஏறத்தாழ ஒன்றே. சிறுவயதில் வண்டியில் ஏறுபவர் கண்ணாடி துடைப்பார், டயரில் காற்றுப் பார்ப்பார், தார்ப்பாய் கட்டுவார், பின்னோக்கி வரும் வண்டிக்குக் குரல் கொடுப்பார். சில ஆண்டுகள் கழித்து, ஆளில்லாத சாலையில் ஓட்டுநர் சக்கரத்தை அவரிடம் தருவார். சுமையேற்றிய வண்டி இறக்கத்தில் எவ்வாறு நடந்துகொள்ளும், பிரேக் சூடேறியதை எந்த வாடை சொல்லும், எந்தக் கியரில் வளைவில் இறங்க வேண்டும் என்பவற்றை அவர் இந்தப் பழக்கத்தில்தான் கற்றார்.

தொழிலாளர் சட்டம் இவரை அறிந்திருந்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநர், நடத்துநர் என்ற வரிசையில் கிளீனரையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை வரம்பை வகுத்தது. இளம்பருவத்தினருக்கு 6 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இரவு வேலை கூடாது என்றும் விதித்தது. ஆனால் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கே அச்சட்டம் இயல்பாகப் பொருந்தியது. ஒரே ஒரு லாரி வைத்திருப்பவரும், அவருடைய ஓட்டுநரும், கிளீனரும் அதன் நிழலுக்கு வெளியில் நின்றனர்.

உரிமச் சட்டமோ கிளீனரின் பயிற்சியை எந்நாளும் பயிற்சியாக ஏற்றதில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, போக்குவரத்து வாகனத்துக்குப் பயிலுநர் உரிமம் பெறவே இலகு வாகன உரிமத்தை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். உரிமம் பெற அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியின் சான்று வேண்டும். பத்தாண்டு லாரியில் வாழ்ந்தவரும் அந்தச் சான்றுக்காகப் பள்ளியின் பதிவேட்டில் மாணவராகப் பெயர் எழுத வேண்டும். கற்ற இடம் ஒன்று, சான்றளிக்கும் இடம் வேறொன்று என்ற இந்தப் பிளவுதான் உரிம அலுவலகங்களைச் சுற்றி இடைத்தரகர் தொழில் தழைத்ததற்கான காரணங்களுள் ஒன்று.

கிளீனர் மரபைப் போற்றும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இரவுப் பயணம், வண்டியிலேயே உறக்கம் என்றமைந்த அந்தக் கல்வி ஆண்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. பெண்கள் பேருந்தோ லாரியோ ஓட்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கற்கும் வழிதான் அவர்களுக்கு அடைபட்டிருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி 1993இல் தமிழ்நாடு அரசுப் பேருந்தின் முதல் பெண் ஓட்டுநராகப் பணியேற்றது பெரும் செய்தியானதற்கு இதுவே பின்னணி. முறைசார் பயிற்சிப் பள்ளி ஒருசாராரின் அனுபவத்தைப் புறக்கணித்தது. அதே வேளையில் மற்றொரு சாராருக்கு அதுவே நுழைவாயிலாகவும் அமைந்தது.

எட்டாம் வகுப்பும் அதன் நீக்கமும்

1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது, ‘சம்பளம் பெறும் ஊழியர்’ என்ற பழைய வகைப்பாடு மறைந்தது. ஓட்டுபவர் யாருக்காக ஓட்டுகிறார் என்பதைவிட, எந்த வகை வாகனத்தை ஓட்டுகிறார் என்பது அளவுகோலாயிற்று. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நடுத்தர, கனரக, சரக்கு, பயணியர் என்றிருந்த பிரிவுகளைக் களைந்து ‘போக்குவரத்து வாகனம்’ என்ற ஒரே வகையை உருவாக்கியது.

போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவர்களுக்கு விலக்கு உண்டு. ஆயினும் புதிதாக வரும் தலைமுறைக்கு, 1939இல் பெருவிரல் ரேகைக்குத் திறந்திருந்த கதவு சாத்தப்பட்டது. சாலைக் குறியீடுகளையும் ஆவணங்களையும் படித்தறிய வேண்டும் என்ற வாதம் வலுவற்றதன்று. ஆனால் பள்ளியை இடையில் விட்டுத்தான் ஒருவர் கிளீனராகிறார். அவர் ஏறிச் செல்லக்கூடிய அடுத்த படியை அவர் விட்டுவந்த பள்ளியின் சான்றோடு பிணைப்பது, அத்தொழிலின் ஏணியை நடுவில் அறுப்பதாகும். சட்டப்படி ஓட்டுநராக முடியாதவர் ஓட்டுவதை நிறுத்திவிடவில்லை. உரிமமின்றியோ போலி உரிமத்தோடோ ஓட்டும் தூண்டுதல்தான் அவருக்குக் கூடியது. அதன் விளைவு மேலே கண்ட காப்பீட்டு வழக்குகளில் வந்து விடிந்தது.

2019 ஜூன் மாதத்தில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தக் கல்வித் தகுதியை நீக்குவதாக அறிவித்தது. ஹரியாணாவின் மேவாத் பகுதியில் ஓட்டுநர் தொழிலையே நம்பியிருக்கும் மக்கள் பலருக்குப் பள்ளிக் கல்வி இல்லை என்று அம்மாநில அரசு முன்வைத்த கோரிக்கை ஒரு காரணம். நாட்டில் ஏறத்தாழ 22 இலட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்ற கணிப்பு மற்றொரு காரணம். அவ்வாண்டே விதி திருத்தப்பட்டது. பள்ளிக் கல்வியின் இடத்தில் பயிற்சி முன்னிறுத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அமையும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களில், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு ஆறு வாரங்களில் 38 மணி நேரப் பயிற்சி வகுக்கப்பட்டுள்ளது. கிளீனரின் பத்தாண்டுகளையும் இந்த 38 மணி நேரத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது ஆய்வாளருக்குப் பயன் தரும்.

7500 கிலோ என்னும் எல்லைக்கோடு

மண்டித் தெருக்களின் இன்றைய ஓட்டுநரை நேரடியாகத் தொடும் மாற்றம் நீதிமன்றத்தின் வழியே வந்தது. மொத்த எடை 7500 கிலோவுக்கு மிகாத வாகனம் சட்டப்படி இலகு மோட்டார் வாகனம். அதுவே சரக்கு ஏற்றினால் போக்குவரத்து வாகனமும் ஆகிறது. 2005இல் சந்தைக்கு வந்த டாடா ஏஸ் இத்தகையது. சாதாரண இலகு வாகன உரிமத்தோடு அதைக் கூலிக்கு ஓட்டலாமா? 2017ஆம் ஆண்டின் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை’ என்றது. காப்பீட்டு நிறுவனங்கள் மறுபரிசீலனை கோரின. 2024 நவம்பர் 6ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு ரம்பா தேவி வழக்கில் முந்தைய நிலையை ஒருமனதாக உறுதி செய்தது. இலகு வாகன உரிமம் பெற்றோர் இத்தகைய வாகனங்களை ஓட்டுவதால் விபத்துகள் பெருகின என்று காட்டும் தரவு எதுவும் தம்முன் வைக்கப்படவில்லை என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

இத்தீர்ப்போடு ஒரு நெடிய சுற்று நிறைவுறுகிறது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் கூலிக்கு ஓட்டுபவரைக் கூலியின் பொருட்டே வேறுபடுத்தியது. இன்று சிறு சரக்கு வாகனத்தில் அந்த வேறுபாடு பெரும்பாலும் அழிந்துவிட்டது. எடைதான் எஞ்சி நிற்கிறது. அமெரிக்கா 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் வணிக ஓட்டுநர் உரிமத்தை ஒழுங்குபடுத்தியபோது, ஓட்டுநர் ஒருவருக்கு ஒரே உரிமம் என்பதையும் எடைவாரித் தேர்வுகளையும் முதன்மைப்படுத்தியது. அங்கு அந்த எல்லை சுமார் 11,800 கிலோ. இரு நாடுகளும் வெவ்வேறு வழிகளில் சென்று, ஓட்டுபவரின் சமூக நிலையைவிட வாகனத்தின் எடையே ஆபத்தை அளக்கத் தகுந்தது என்ற முடிவுக்கு அருகில் வந்துள்ளன.

ஆனால் எடைக் கோட்டுக்கு மேலே உள்ள லாரி ஓட்டுநரின் நிலை அவ்வாறு எளிதாகவில்லை. 2024 ஜனவரித் தொடக்கத்தில், விபத்து நடந்த இடத்திலிருந்து தகவல் தராமல் செல்லும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சம்ஹிதாவின் 106(2)ஆம் பிரிவை எதிர்த்துப் பல மாநிலங்களில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். நின்றால் கூட்டம் அடிக்கும், சென்றால் சட்டம் தண்டிக்கும் என்பது அவர்களின் முறையீடு. அவ்வாண்டு ஜூலையில் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

தொழில்முறை உரிமத்தை ஆராய்வோர் பெரும்பாலும் சாலைப் பாதுகாப்பு என்ற சட்டகத்துக்குள் நின்றே ஆராய்கின்றனர். அது தேவையானதே. அதோடு, வண்டிக்காரரின் பேட்ஜிலிருந்து இலகு வாகனத் தீர்ப்பு வரையுள்ள ஆவணங்களை உழைப்பு வரலாற்றின் மூலங்களாகவும் வாசிக்க இடமுண்டு. நகராட்சிகளின் ஜட்கா உரிமப் பதிவேடுகள், சமஸ்தான ஆட்சி அறிக்கைகள், போக்குவரத்துக் கழகங்களின் பணியாளர் ஆவணங்கள், இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களின் வழக்குக் கட்டுகள் ஆகியவற்றில் பெயரும் ரேகையும் முகமுமாக இந்த ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். அவற்றோடு கன்னடமும் உருதும் தமிழும் கலந்து ஒலிக்கும் மைசூருச் சந்தைத் தெருக்களில் முதிய லாரி ஓட்டுநர்களின் வாய்மொழியும் பதிவு செய்யப்பட வேண்டும். கிளீனராக ஏறி ஓட்டுநராக இறங்கிய கடைசித் தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.